பெஞ்சின் கதவைத் திறந்து மூடியவன்

ஐஸ் ஹாக்கியில் பேக்கப் கோலிக்கு, அதாவது மாற்று கோல்கீப்பருக்கு, ஆட்டம் நடக்கும்போது உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான்: பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வருபவனுக்குக் கதவைத் திறக்க வேண்டும், புதிதாகப் போகிறவன் கால் இடறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பக் என்னும் ரப்பர் வட்டு அந்தப் பக்கம் வருவதற்குள் சாத்திவிட வேண்டும். தலையில் ஒரு தொப்பி, காலில் முழங்காலைத் தாண்டி ஏறும் பேட்கள், உடம்பில் ஏறக்குறைய 20 கிலோ கவசம். அத்தனையையும் கட்டிக்கொண்டு வாயிற்காவலன் வேலை. ஏழு சீசன் தொழில்முறையாக ஆடியதில் பாதிக்கு மேல் நான் செய்தது இதைத்தான்.

நான் பெரிய ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஆடியது இ.சி.எச்.எல். என்ற லீக்கில். வட அமெரிக்காவில் உச்சியில் இருக்கும் என்.எச்.எல்.லுக்கு இரண்டு படி கீழே அது. நடுப்படியான ஏ.எச்.எல்.லில் 11 ஆட்டங்கள். என்.எச்.எல். அணி ஒன்றின் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் முழு உடுப்போடு பெஞ்சில் உட்காரவும் வைத்தார்கள். அங்கேயும் கதவுதான். ஆனால் அந்தக் கதவின் தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் விழுந்தது. பணக்கார அணி என்றால் என்ன என்று அப்போது புரிந்தது.

இந்த ஆட்டத்தில் எங்களைக் கோலி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழில் எழுதினால் கிரிக்கெட் கோலியும் கோலிக்குண்டும் சேர்ந்து வந்து நிற்கின்றன. நான் சொல்வது கோல்கீப்பரை. வளர்ந்துவரும் கோலிகளும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்பது எல்லாம் எப்படித் தடுப்பது என்பதைப் பற்றித்தான். எப்படிக் காத்திருப்பது என்று யாரும் கேட்பதில்லை. தொழில் என்று வந்துவிட்டால் இரண்டாவதுதான் பெரிய பங்கு. இருந்தாலும் தடுப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். பக் என்பது கெட்டி ரப்பர் வட்டு: குறுக்களவு 7.62 செ.மீ., கனம் 2.54 செ.மீ., எடை 156 முதல் 170 கிராம். துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். உறைந்த ரப்பர் கல் மாதிரி. ஒருவன் 6 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அடித்தால் அது கோலுக்கு வந்து சேர 0.18 விநாடி ஆகும். கண்ணால் பார்த்த ஒன்றுக்கு மனித உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும். ஆகவே கணக்குப்படி பார்த்தால் அதைத் தடுக்கவே முடியாது. ஆனாலும் தடுக்கிறோம். அடி விழுவதற்கு முன்பே வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதுதான் காரணம்.

அந்த வேலையை எனக்குப் புரியவைத்தது இரண்டு கயிறுகள். பதினான்கு வயதில் எனக்கு வாய்த்த கோலி கோச், கோலின் இரண்டு கம்பங்களிலும் ஒவ்வொரு கயிறு கட்டி, மறுமுனைகள் இரண்டையும் பக் இருந்த இடத்தில் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். கயிறுகளுக்கு நடுவே என்னை நிற்கச் சொன்னார். "நீ எவ்வளவு இடத்தை மறைக்கிறாய்?" என்று கேட்டார். பாதி என்றேன். ஒரு மீட்டர் முன்னால் வரச் சொன்னார். இரண்டு கயிறுகளும் என் தோள்களில் உரசின. அப்புறம் பனியில் குப்புறப் படுத்து, பக் கிடக்கும் மட்டத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தில் என் தலைக்கு மேலே கோலே தெரியவில்லை. அடிப்பவனின் கண்ணுக்கு என் தோளுக்கு மேல் ஓட்டை தெரியும்; பக்குக்குத் தெரியாது. பக் தரையிலிருந்து கிளம்புகிறது அல்லவா? இதைப் பார்த்த பிறகு நான் அடிப்பவனின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பக்குக்கு எதிரே நிற்க வேண்டும், ஆளுக்கு எதிரே அல்ல. ஸ்டிக் உடம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆளைப் பார்த்து நின்றால் அந்த அளவுக்குக் கோணம் தப்பிவிடும்.

முன்னால் வந்தால் இடம் மறையும், சரி. ஆனால் பக்கை அடிக்காமல் எதிர்ப்பக்கம் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டால், முன்னால் வந்தவன் அதிக தூரம் நகர வேண்டும். ஆகவே கோலிக்கு வேண்டிய முதல் திறமை கையில் இல்லை, ஸ்கேட்டில் இருக்கிறது. ஸ்கேட்டிங் சுமாராக வரும் பையனைக் கோலில் நிறுத்திவிடுகிற பழக்கம் சிறுவர் அணிகளில் உண்டு. என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அது தலைகீழான யோசனை. நான் தொழில்முறைக்கு வந்தபோது என்னைவிடக் கை வேகமான கோலிகள் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் நகர்ந்துகொண்டே தடுக்க முயன்றவர்கள். பக் கிளம்பும்போது நீங்கள் வந்து நின்றுவிட்டிருக்க வேண்டும். அரைக் கணம் தாமதமாக வந்து பாய்ந்து பிடித்தால் கூட்டம் கைதட்டும். வீடியோ பார்க்கும் கோச் கைதட்ட மாட்டார்.

இன்றைக்கு எல்லாரும் ஆடுவது பட்டர்ஃபிளை முறை: முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து பனியில் இறக்கி, கெண்டைக்கால்களை இருபுறமும் விரித்து, கீழ்ப்பகுதி முழுவதையும் பேட்களால் அடைப்பது. 1980களில் மான்ட்ரியல் அணியின் கோலி பாட்ரிக் ருவாவும் அவருடைய கோலி கோச் ஃபிரான்சுவா அல்லேரும் இதை ஒரு பாடமாகவே ஆக்கினார்கள். பிறகு உலகமே அதைப் படித்தது. இதற்கு நேர் எதிர், செக் நாட்டுக் கோலி டொமினிக் ஹாஷெக். பனியில் உருளுவார், ஸ்டிக்கை எறிந்துவிட்டு, வழக்கமாக அதைப் பிடிக்கும் பிளாக்கர் கையால் பக்கை மூடுவார், ஒரு கால் வானத்தில் இருக்கும். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் தங்கம், என்.எச்.எல்.லில் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை அடுத்தடுத்து இரண்டு முறை. பதினாறு வயதில் நானும் ஹாஷெக் ஆகப் பார்த்தேன். மூன்று வாரம் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். உங்கள் முதுகெலும்பு எப்படி வளைகிறதோ அதற்குத் தகுந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹாஷெக்கிடம் காப்பியடிக்கத்தக்கது ஒன்று உண்டு: பக் தன்னைத் தாண்டிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

சரி, கோல் விழுந்துவிட்டது. இனி என்ன?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கோலிகள் தோற்கிறார்கள். உங்கள் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். எதிரணி ஊர் என்றால் ஹாரன் அலறும், ஆயிரக்கணக்கான பேர் உங்கள் பெயரை ராகம் போட்டு இழுப்பார்கள். மேலே பெரிய திரையில் அதே கோலை நான்கு கோணத்தில் காட்டுவார்கள். முதல் இரண்டு சீசன் நான் அந்தத் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், தவறு எங்கே என்று தெரிந்துகொள்ளலாமென்று. அது படிப்பு இல்லை, புண்ணைக் கிளறுவது. பிறகு வந்த ஒரு கோச் ஒரு வரிசையைச் சொல்லிக்கொடுத்தார். வலையின் மேலே இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடு, ஒரு வாய் குடி. கிரீஸின், அதாவது கோலுக்கு முன்னால் கோடு போட்ட இடத்தின், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பனியை ஸ்கேட்டால் சுரண்டு. ஸ்டிக்கால் இரண்டு கம்பங்களையும் தட்டு. ஆட்டத்தை மறுபடி தொடங்க பக்கைப் போடும் ஃபேஸ்ஆஃப் அடுத்து எங்கே நடக்கப்போகிறது என்று வாய்விட்டுச் சொல். அவ்வளவுதான், இருபது விநாடிகூட ஆகாது. கையும் வாயும் ஒரு வேலையில் இருந்தால் மனம் கொஞ்ச நேரம் அதன் பின்னால் போகும். என்ன தவறு என்ற கேள்வியை இடைவேளைக்கு ஒத்திவைத்தேன். அப்போதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ருவா தன் கம்பங்களோடு பேசிக்கொண்டிருப்பாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது விளங்கியது.

கோரி ஹர்ஷின் கதையை இளம் கோலிகளிடம் நான் அடிக்கடி சொல்வேன். 1994இல் லில்லஹாமர் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம். கனடாவின் கோலி அவர். பெனால்ட்டி ஷாட்டில் சுவீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஒற்றைக் கையால் பக்கை இழுத்துக் கோலுக்குள் தள்ளினார். சுவீடனுக்குத் தங்கம். அந்தக் கோலைச் சுவீடன் அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. யோசித்துப் பாருங்கள், நம் கையிலிருந்து தப்பிய ஒரு பக், ஊர் ஊராகக் கடிதத்தில் ஒட்டிப் போகிறது. ஆனால் ஹர்ஷைத் தின்றது அது இல்லை. விடாமல் சுழலும் எண்ணங்களால் ஆன மனநோய் அந்த ஆண்டிலேயே அவரைப் பிடித்திருந்ததையும், உயிரை விட்டுவிடலாம் என்ற எல்லை வரை போனதையும் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். முகமூடிக்குள் இருப்பவனின் முகம் யாருக்கும் தெரிவதில்லை. இதற்கு மருத்துவம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன். மூன்றாவது சீசனில், தூக்கமே இல்லாத ஆறு வாரங்களுக்குப் பிறகு. முன்பே கேட்டிருக்கலாம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலியின் தலையெழுத்து சேவ் சதவீதம். வந்த ஷாட்களில் எத்தனை நின்றன என்ற விகிதம். இதில் வாழ்க்கைக்கும் வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய கோடு. ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று வையுங்கள். 0.920 என்றால் சராசரியாக 2.4 கோல் விடுகிறீர்கள், 0.890 என்றால் 3.3. வித்தியாசம் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோல்கூட இல்லை. முதலாமவனை மேலே கூப்பிடுவார்கள், இரண்டாமவனுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காது. பேக்கப்புக்கு இது இன்னும் கொடுமை, ஏனென்றால் அவன் ஆடும் ஆட்டங்கள் குறைவு. ஒரு டிசம்பரில் நான் 360 ஷாட்டில் 33 விட்டு 0.908இல் இருந்தேன். அடுத்த ஆட்டத்தில் 19 ஷாட்டில் 4 கோல், கோச் என்னை வெளியே எடுத்துவிட்டார். 0.902 ஆனது. ஒரே இரவில் மாதம் முழுவதும் சேர்த்தது கரைந்தது. அந்த எண்ணைத் தினமும் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று சொல்வது சுலபம். எனக்கு நான்கு வருஷம் பிடித்தது.

இப்போது ஏணிக்கு வருகிறேன். என்.எச்.எல்.லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்துக்கு உடுப்புப் போடும் கோலிகள் அணிக்கு இரண்டு பேர். மொத்தம் 64 இடம். தாக்கி ஆடும் ஆட்டக்காரன் சுமாராக இருந்தால், மாறி மாறி இறங்கும் நான்கு வரிசைகளில் நான்காவதில் ஐந்து நிமிடமாவது ஆடக் கிடைக்கும். கோலிக்கு நான்காவது வரிசை கிடையாது. ஒருவன் 60 நிமிடமும் நிற்பான், இன்னொருவன் கதவைத் திறப்பான். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே ஒன்றைக் கேளுங்கள்: மேல் அணியும் அதன் கீழ் லீக் அணிகளும் சேர்ந்த இந்த அமைப்பில் எனக்கு மேலே எத்தனை கோலிகள், அவர்களின் வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது? நான் இதைக் கேட்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன். போய்ப் பார்த்தால் எனக்கு மேலே ஐந்து பேர். ஒருவன் மேலே அழைக்கப்பட்டால் ஐந்து பேரும் ஒரு படி ஏறுவோம்; அவன் இறங்கினால் ஐந்து பேரும் இறங்குவோம். பிப்ரவரி மாதம் ஒன்றில் மூன்று முறை பெட்டி கட்டினேன். அதில் ஒருமுறை, விமானம் இறங்கியதும் போனைத் திறந்தால் திரும்பி வரச்சொல்லிச் செய்தி. மைதானத்தைப் பார்க்கவே இல்லை.

இரட்டை விகித ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மேல் லீக்கில் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே இருக்கும் நாளுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கீழ் லீக்கில் வாரச் சம்பளம், தங்க அணியே வீடு தரும், சீசன் முடிந்ததும் வரும்படி நின்றுவிடும். மேலே போன பத்து நாளில் வந்த பணத்தைத் தொடாமல் வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கோடையில் சிறுவர் முகாம்களில் சொல்லிக்கொடுத்தேன். பஸ் பயணத்தில் கணக்கியல் பட்டப்படிப்பு படித்தேன். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் தேய்மானக் கணக்குப் போடுவேன். கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். கென் டிரைடன் இருந்தார் அல்லவா, மான்ட்ரியலுக்கு ஆறு முறை என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வாங்கிக்கொடுத்தவர். சம்பளத் தகராறில் 1973-74 சீசன் முழுவதும் ஆடாமல் சட்ட அலுவலகத்தில் பயிற்சி வேலை பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் கோப்பைகள் வாங்கி, 1979இல் 31 வயதில் ஓய்வு பெற்றார். பின்னாளில் கனடாவில் மத்திய அமைச்சராகவும் ஆனார். அவ்வளவு பெரிய கோலியே படிப்பைக் கைவிடவில்லை என்றால், வாரச் சம்பளக்காரன் நான் எந்த மூலை?

அதே சமயம், கோலிகள் தாமதமாகத்தான் பழுப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வு ஒன்று உண்டு. ஹென்ரிக் லண்ட்குவிஸ்ட் 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 205ஆவது ஆள். பெக்கா ரின்னே 2004இல் 258. டிம் தாமஸை 1994இல் 217ஆவதாக எடுத்தார்கள். கீழ் லீக்குகள், பின்லாந்து, சுவீடன் என்று அலைந்து, முப்பது வயதைத் தாண்டித்தான் என்.எச்.எல்.லில் நிலைத்தார். 2011இல் 37 வயதில் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். இவர்களை நினைத்து நான் இரண்டு சீசன் கூடுதலாக ஆடினேன். அதற்காக வருத்தமில்லை. ஆனால் ஒரு டிம் தாமஸுக்குப் பின்னால் என்னைப் போல எத்தனை பேர் என்பதைக் கணக்கியல் படித்தவன் சொல்லாமல் விடக்கூடாது.

பேக்கப்பின் நாள் எப்படி இருக்கும்? காலைப் பயிற்சியில் ஸ்டார்ட்டர், அதாவது அன்று ஆடப்போகும் முதல் கோலி, இருபது நிமிடத்தில் போய்விடுவான். நீங்கள் இருக்க வேண்டும். அன்று ஆடாத வீரர்கள், காயத்திலிருந்து திரும்புகிறவர்கள், கை துறுதுறுக்கும் உதவி கோச், எல்லாரும் உங்கள் மேல் அடிப்பார்கள். ஒருவன் நூறு தடவை தோளைக் குறிபார்ப்பான். நீங்கள் பயிற்சி இயந்திரம் மாதிரி. பலர் இந்த நேரத்தில் சும்மா நின்று காலத்தைக் கழிப்பார்கள். நானும் கழித்தேன், முதல் சீசனில். பிறகு தினம் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். இன்று ரீபவுண்ட் மட்டும்: பட்டுத் திரும்பும் பக் மூலைக்குப் போக வேண்டும், நடுவுக்கு வரக்கூடாது. நாளை ஸ்கிரீன்: முன்னால் ஆள் நின்று மறைக்கும்போது அவன் இடுப்புக்குப் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பது. ஒரு சின்ன நோட்டும் வைத்திருந்தேன். லீக்கில் இருக்கும் ஒவ்வொரு ஷூட்டருக்கும் இரண்டு வரி. ‘வேகமாக வந்தால் கிளவ் பக்கம் மேலே. தயங்கினால் காலிடுக்கு.’ இப்படி. கிளவ் என்பது பக்கைப் பிடிக்கும் கையின் உறை.

எந்த நிமிடமும் உள்ளே போகச் சொல்லலாம் என்பதுதான் பெஞ்சில் உட்கார்வதன் நரகம். முதல் முறை என்னைத் திடீரென்று அனுப்பியபோது நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்த இடுப்பு விறைத்துக் கிடந்தது. பதற்றத்தில் தொப்பியைக் கழற்றாமல், முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதிக் களம் வரை போய்விட்டேன். கூட்டம் சிரித்தது. முதல் ஷாட் காலிடுக்கு வழியாக உள்ளே. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: விளம்பர இடைவேளைதோறும் எழுந்து இடுப்பை அசைப்பது, ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதியும், அதாவது பீரியடும், தொடங்கும் முன் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது, முகமூடியும் கிளவும் எப்போதும் இடது கைப்பக்கம், ஒரே இடத்தில். அப்புறம், ஆட்டத்தை ரசிகனாகப் பார்க்காமல் கோலியாகப் பார்ப்பது. பக் நம் பக்கம் வரும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் எங்கே நின்றிருப்பேன் என்று கேட்டுக்கொள்வது. 

டேவிட் ஏர்ஸ் கதையை ஆட்டம் தெரியாதவர்களும் கேள்விப்பட்டிருக்கலாம். 2020 பிப்ரவரி 22, டொரண்டோ. கரோலைனா அணியின் இரண்டு கோலிகளும் அடிபட்டு வெளியேற, அவசரத்துக்கென்று அரங்கில் வைத்திருந்த ஏர்ஸ் உள்ளே வந்தார். வயது 42. மைதானத்தில் பனியைச் சீராக்கும் வண்டி ஓட்டியவர், தாயின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு ஷாட்டும் கோல். பிறகு வந்த எட்டையும் தடுத்தார், அணி 6-3 என்று வென்றது. எல்லாரும் அந்த எட்டைப் பேசுகிறார்கள். எனக்கு மலைப்பாக இருப்பது இரண்டாவது கோலுக்கும் மூன்றாவது ஷாட்டுக்கும் நடுவே அவர் மனதில் நடந்த ஏதோ ஒன்று.

உடம்பைப் பற்றி எழுதவேண்டியது நிறைய. முகமூடி வந்த கதை தெரிந்ததுதான்: 1959 நவம்பர் 1, நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோலி ஜாக் பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். கோச்சுக்குப் பிடிக்கவில்லை. பிளாண்ட் விடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் கிளென் ஹால் முகமூடியே இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டம் ஆடினார். ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுப்பது அவருடைய வழக்கம். வீரம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. 502 தடவை வாந்தி எடுத்த மனிதரின் வயிற்றை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. 1989இல் கிளின்ட் மலார்ச்சக் என்ற கோலியின் கழுத்து ரத்தக்குழாயை ஒரு ஸ்கேட் அறுத்தது. அணியின் மருத்துவ உதவியாளர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். கழுத்துக் காப்பு வியர்க்கிறது, உறுத்துகிறது என்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள்.

என் தவறு வேறு. நான்காவது சீசனில் ஸ்டிக்கை ஓங்கி அடித்த ஒரு ஸ்லாப்ஷாட் முகமூடியின் நெற்றியில் பட்டது. காதில் ஒரு விசில் சத்தம், அப்புறம் இரண்டு நாள் வெளிச்சம் கூசியது. சொல்லவில்லை. ஸ்டார்ட்டருக்குத் தொடையில் காயம், வாராவாரம் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன், அந்த வாய்ப்பை விட மனமில்லை. மறைத்து ஆடிய ஒரு வாரத்தில் 15 கோல் விட்டேன். கிடைத்த வாய்ப்பையும் கெடுத்தேன், தலையையும் கெடுத்தேன். ஒன்றரை மாதம் வெளியே. சொல்லியிருந்தால் பத்து நாளில் திரும்பியிருக்கலாம்.

இடுப்புதான் கோலியின் உண்மையான எதிரி. பட்டர்ஃபிளையில் தொடை உள்நோக்கித் திரும்ப வேண்டும். இடுப்பு மூட்டு அதற்காகச் செய்யப்பட்டதில்லை. தொடை எலும்பின் கழுத்தில் கூடுதலாக வளர்ந்த எலும்பு, குழியின் விளிம்பில் போய் இடிக்கும். விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு கிழியும். முதலில் காரிலிருந்து இறங்கும்போது சுருக்கென்று குத்தும், அப்புறம் ஷூ கயிறு கட்டும்போது. நான் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கவட்டிக்குள் ஆழமாக வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி என்றால் படம் எடுத்துப் பாருங்கள். டிம் தாமஸுக்கு 2010இல் இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தது, அடுத்த சீசனில் 0.938 தடுத்தார். எனக்கும் அறுவை நடந்தது, 0.938 வரவில்லை, கார் ஓட்ட முடிந்தது. சீசன் முடிந்ததும் ஆறு வாரமாவது முழங்காலில் இறங்காமல் இருங்கள் என்று என் பிசியோ சொன்னதை இப்போது சிறுவர்களின் பெற்றோரிடம் நான் சொல்கிறேன். வருஷம் பன்னிரண்டு மாதமும் கோலி முகாமுக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவில் மூன்று ஆட்டம் இருக்கும் லீக்கில் கவசம் காயவே காயாது. ஈரக் கிளவின் உள்ளங்கை அழுகும், உங்கள் தோலும்தான். அரங்குக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மின்விசிறிக்கு முன் எல்லாவற்றையும் விரித்துப் போடுங்கள், சாப்பாடு அப்புறம். ஸ்கேட்டுக்கு உதிரி பிளேடு ஒரு ஜோடி. உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் பிள்ளைகள் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணிக்கு அறுந்த வாரைத் தைத்துக் கொடுக்கப்போவது அவர்தான்.

கடைசி சீசனில் அக்டோபரில் ஒரு பையன் வந்தான், 21 வயது. மேல் அணி அவன்மேல் பணம் போட்டிருந்தது, அதனால் அவன்தான் ஆட வேண்டும். கோச் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உனக்குப் புரியும்" என்று ஆரம்பித்தார். புரிந்தது. நான் 31இல் இருந்தேன், இடுப்பில் இரண்டு தழும்பு. பையனுக்கு வேகம் இருந்தது, கோணம் தெரியவில்லை. மூன்றாம் நாள் பயிற்சிக்குப் பிறகு இரண்டு கயிறு எடுத்துக்கொண்டு அவனைப் பனிக்குக் கூட்டிப்போனேன். படுத்துப் படம் எடுத்துக் காட்டினேன். "இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?" என்றான். நான் பதினான்கு வயதில் கேட்ட அதே கேள்வி.

டிசம்பருக்குள் அவன் தேறிவிட்டான். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்காருவான். "நாளைக்கு ஆடுற அந்த பதினேழாம் நம்பர் எங்கே அடிப்பான்?" என்பான். நோட்டைப் புரட்டிச் சொல்வேன். ஒருநாள், நீயே பார்த்துக்கொள் என்று நோட்டை அவன் மடியில் போட்டுவிட்டு, தேய்மானக் கணக்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஜனவரி நடுவில் ஒரு விடியற்காலை அவனை மேலே கூப்பிட்டார்கள். நான் எழுந்திருப்பதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டான். நோட்டும் கூடவே போய்விட்டது. அன்று இரவு 34 ஷாட், நான் எந்த ஷூட்டர் எங்கே அடிப்பான் என்று நினைவிலிருந்தே ஆட வேண்டியிருந்தது. இரண்டு கோல் விட்டேன், ஜெயித்தோம். இரண்டாவது கோல் அந்தப் பதினேழாம் நம்பருடையது. வேகமாக வந்தான், கிளவ் பக்கம் மேலே.